செடியை எடுப்பதா, நாய்க்குட்டியை அனுப்புவதா?

சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கணவர், மூன்று வயது மகள், மாமனார், மாமியார் என்று ஐந்து பேர் உள்ள வீடு. ஓய்வு பெற்ற மாமனாருக்குச் செடிகள்தான் உலகம். வரவேற்பறையிலும் பால்கனியிலும் கால் வைக்க இடமில்லாத அளவுக்குத் தொட்டிகள். இரண்டு மாதங்களுக்கு முன் தெருவில் கிடந்த ஒரு குட்டியை எடுத்து வந்து, ஜிம்மி என்று பெயர் வைத்து வளர்க்கிறார்கள். இப்போது அதற்கு நான்கு மாதம், ஏழு கிலோ எடை. போன வாரம் ஒரு மாலையில் ஜிம்மி டிஃபன்பேக்கியா என்ற அழகுச் செடியின் இலையைக் கடித்துவிட்டது. சில நிமிடங்களிலேயே எச்சில் நூல் நூலாக ஒழுக, முன்னங்கால்களால் வாயைப் பிறாண்டிக்கொண்டு கத்தியிருக்கிறது. பதறிப்போன மாமியார், வாந்தி வரட்டும் என்று ஒரு கைப்பிடி உப்பைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினார். நல்லவேளையாக முக்கால்வாசி வெளியே சிந்திவிட்டது. மருத்துவமனையில் வாயைக் கழுவி, வீக்கத்துக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாளே ஜிம்மி வழக்கம்போலச் சாப்பிட்டது.

பிரச்சினை அதற்கு அப்புறம்தான். எல்லாச் செடியும் வெளியே போக வேண்டும் என்கிறார் கணவர். குட்டியை எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்கிறார் மாமியார். மாமனார் யாரோடும் பேசுவதில்லை. “ஈரல் கெட்டிருக்கும், ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும்” என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்தியிருக்கிறார்கள். போதாததற்கு, எதிர்வீட்டார் பொது நடைபாதையில் சைகஸ் என்ற, பனை போன்ற நச்சுச் செடியை ஒரு தொட்டியில் வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றிக் கேட்டால், நாய் வளர்ப்பதே தவறு என்கிறார் குடியிருப்புச் சங்கச் செயலாளர். வாசகி கேட்பது இதைத்தான்: ஜிம்மி உண்மையிலேயே பிழைத்துவிட்டதா? எந்தச் செடிகளை வைத்துக்கொள்ளலாம்? பால் கொடுத்தால் விஷம் முறியுமா? எதைத் தின்னக்கூடாது என்று மிருகங்களுக்குத் தானாகத் தெரியாதா? கூடவே வீட்டுச் செடிகளின் படங்களையும் அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் பெரிய பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஜிம்மியின் ஈரலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. டிஃபன்பேக்கியா இலையில் கால்சியம் ஆக்சலேட் என்ற பொருள் ஊசி போன்ற படிகங்களாக, கட்டுக் கட்டாக இருக்கிறது. கடித்ததும் அந்த ஊசிகள் இலையின் செல்களிலிருந்து தெறித்து நாக்கிலும் ஈறிலும் குத்தி நிற்கின்றன. சேனைக்கிழங்கை நறுக்கும்போது கை அரிக்கிறதே, சரியாக வேகாத சேனையைச் சாப்பிட்டால் தொண்டை காறுகிறதே, அதே சங்கதிதான். சேனையும் சேம்பும் டிஃபன்பேக்கியாவும் ஒரே குடும்பத்துச் செடிகள். இந்தப் படிகங்கள் கரையாதவை. அதனால் இரத்தத்தில் கலந்து உள்ளுறுப்புகளைத் தாக்குவதில்லை. வாயும் தொண்டையும் எரியும், வீங்கும், சில சமயம் வாந்தி வரும். அபூர்வமாகத் தொண்டை அதிகம் வீங்கி மூச்சு முட்டலாம், அதற்காகத்தான் ஊசி. மறுநாளே ஒழுங்காகச் சாப்பிட்ட குட்டிக்கு இந்த இலையால் ஒரு மாதம் கழித்து ஈரல் கெடாது.

அந்த மாலை உண்மையில் ஆபத்தாக முடிந்திருக்கக்கூடியது உப்புத் தண்ணீர்தான். மாமியாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பதற்றத்தில் கைக்குக் கிடைத்த வைத்தியத்தைச் செய்தார், குட்டியைக் காப்பாற்றத்தான் செய்தார். ஆனால் கணக்கைப் பாருங்கள். நாயின் எடையில் கிலோவுக்கு 2 கிராம் உப்பு போனாலே நஞ்சின் அறிகுறிகள் தொடங்கலாம், 4 கிராமை எட்டினால் உயிருக்கே ஆபத்து. ஏழு கிலோக் குட்டிக்கு அது 28 கிராம். ஒரு மேசைக்கரண்டி உப்பே ஏறத்தாழ 17 கிராம் இருக்கும். கைப்பிடி உப்பு முழுதும் உள்ளே போயிருந்தால், மூளை பாதித்து வலிப்பு வந்திருக்கலாம். இன்னொன்று, ஊசி ஊசியாகக் குத்தும் ஒரு பொருளை வாந்தியாக மறுபடி தொண்டை வழியே இழுத்தால் புண் இரட்டிப்பாகும். எந்த விஷத்துக்கும் வீட்டில் உப்புக் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விரலை விடுவது, புளித்தண்ணீர் ஊற்றுவது எல்லாம் இதே கணக்கில்தான் சேரும்.

பாலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டிஃபன்பேக்கியா வகைச் செடிகளுக்கு மட்டும், வாயைத் துடைத்த பிறகு கொஞ்சம் குளிர்ந்த பாலோ தயிரோ நக்கக் கொடுத்தால் எரிச்சலுக்கு இதமாக இருக்கும். அதோடு சரி. அரளிக்கோ சைகஸுக்கோ பால் எதையும் முறிக்காது. பால் கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் வீட்டிலேயே காத்திருப்பதில்தான் உயிர் போகிறது.

மிருகங்களுக்குத் தானாகத் தெரியும் என்பதை வளர்ப்பு நாய்களின் விஷயத்தில் நம்பவே வேண்டாம். நான்கு மாதத்திலிருந்து ஏழு மாதம் வரை பால் பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் முளைக்கும். ஈறு நமநமவென்று அரிக்க, கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கும் வயது அது. ஜிம்மி இப்போது அதன் வாசலில்தான் நிற்கிறது. அடுத்த மூன்று மாதம்தான் உங்களுக்கு உண்மையான காவல் காலம்.

உங்கள் வீட்டுச் செடிகள்

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் நாய்க்கு ஆகாத செடி நிறையவே இருக்கிறது. ஆனால் நாயைக் கொல்லக்கூடியவை சிலதான். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் சண்டையில் பாதி தீரும்.

மணி பிளான்ட், சிங்கோனியம், பீஸ் லில்லி மூன்றும் டிஃபன்பேக்கியாவின் சொந்தக்காரர்கள். வாயை எரிக்கும், உயிரை எடுப்பது மிக அபூர்வம். ஸ்நேக் பிளான்ட்டும் கற்றாழையும் வயிற்றைக் கெடுக்கும். கற்றாழையில் சோற்றுப் பகுதியைவிட, தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் பால்தான் பேதியைக் கிளப்புவது. கற்பூரவல்லியை நாம் சளிக்குத் தின்போம், பஜ்ஜி போடுவோம். நாய்க்கு அது வாந்தியும் பேதியும் தரும் செடி. இவற்றையெல்லாம் எட்டாத இடத்துக்கு மாற்றினால் போதும், வீட்டைவிட்டு அனுப்ப வேண்டியதில்லை. அரிக்கா பாம், ஃபெர்ன், ரோஜா, மல்லி நாய்க்கு நஞ்சல்ல. ரோஜா முள்ளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுப்ப வேண்டியவை மூன்று. பால்கனியில் இருக்கும் செவ்வரளி, அதன் பக்கத்திலுள்ள அடினியம், அப்புறம் தரையோடு பூத்திருக்கும் நித்தியகல்யாணி.

அரளியின் இலை, பூ, குச்சி எல்லாமே இதயத்தைத் தாக்கும். அதிலுள்ள நஞ்சு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கிறது. முதலில் வாந்தி, எச்சில், சோர்வு. பிறகு துடிப்பு மிக மெதுவாகவோ தாறுமாறாகவோ போகும். காய்ந்த இலையிலும் நஞ்சு அப்படியே இருக்கும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. உங்கள் படத்தில் சாமி படங்களுக்கு அரளி மாலை போட்டிருப்பதையும் பார்த்தேன். தொட்டியை அப்புறப்படுத்திவிட்டு, வெள்ளிக்கிழமை மாலையைச் சனிக்கிழமை கழற்றி, பழத்தோலோடும் பிரசாத இலையோடும் ஒரு கவரில் கட்டிப் பின்வாசலில் வைத்தால் பயன் இல்லை. பழ வாசனைக்கு வரும் குட்டி கவரைக் கிழித்து, மாலையையும் சேர்த்துத்தான் மெல்லும். சாமிக்கு அரளிதான் வேண்டுமென்றால் சாத்துங்கள். கழற்றியவுடன் மூடியுள்ள குப்பைக் கூடையில் போட்டு, கூடையைக் குளியலறைக்குள்ளோ கதவுள்ள அலமாரியிலோ வையுங்கள். மல்லி, ரோஜா மாலைக்கு மாற முடிந்தால் இன்னும் நல்லது. மஞ்சள் அரளியும் இதே வகைதான், அதன் கொட்டை இன்னும் மோசம்.

அடினியம் அரளியின் நெருங்கிய சொந்தம். குண்டான அடித்தண்டும் பளிச்சென்ற பூவுமாகப் பார்க்க அழகாக இருப்பதால் நர்சரியில் பலரும் வாங்கி வருகிறார்கள். இதயத்தைத் தாக்கும் அதே வகை நஞ்சு இதிலும் உண்டு. உயரத்தில் வைத்தாலும் பூ தரையில்தான் விழும்.

நித்தியகல்யாணியை நாய்க்கு ஆகாது என்றால் பலர் நம்ப மாட்டார்கள், அவ்வளவு சாதாரணமான செடி. வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து அதிலிருந்து எடுக்கப்படுவது. தெருநாய்களுக்குப் பிறப்புறுப்பில் வரும் தொற்றுக் கட்டிக்குக் கால்நடை மருத்துவர்களான நாங்கள் அந்த மருந்தைத்தான் வாரம் ஒருமுறை நரம்பில் போடுகிறோம். நாயின் உடலளவைக் கணக்கிட்டு, இரத்த அணுக்கள் குறைகின்றனவா என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கிற மருந்து அது. அந்தச் செடியை ஒரு குட்டி இஷ்டத்துக்கு மெல்லலாமா? வாந்தி, பேதியில் தொடங்கி, அதிகமானால் நடுக்கம், வலிப்பு வரை போகும்.

எதிர்வீட்டுச் சைகஸ்

எனக்கு உண்மையில் தூக்கம் கெடுப்பது அந்தத் தொட்டிதான். பார்க்கச் சின்னப் பனைமரம் மாதிரி, விறைப்பான இலைகளோடு இருக்கும். எல்லாப் பாகமும் நஞ்சு, விதை எல்லாவற்றையும்விடக் கொடியது. பெண் செடியில் பழுத்து உதிரும் விதை ஆரஞ்சு நிறத்தில், ஒரு கொட்டைப்பாக்கு அளவில் இருக்கும். குட்டிக்கு அது வாயில் கவ்வி ஓட வாகான விளையாட்டுச் சாமான். ஒன்றிரண்டு விதையே உயிரை எடுக்கப் போதும்.

இதில் மனிதர்களை ஏமாற்றுவது ஒரு இடைவெளி. முதல் நாள் வாந்தி வரும், நாய் சோர்ந்து படுக்கும். சில சமயம் வாந்தி நின்று, சரியாகிவிட்டது போலத் தோன்றும். இரண்டாம், மூன்றாம் நாளில்தான் ஈரல் பாதிப்பு வெளிப்படும். கண்ணும் ஈறும் மஞ்சளாகும், மலம் கறுக்கும், வலிப்பு வரலாம். அந்தக் கட்டத்தில் வரும் நாய்களில் பலவற்றை எங்களால் மீட்க முடிவதில்லை. சிகிச்சை கொடுத்தும் ஏறத்தாழ பாதி நாய்கள் இறந்துவிடுவதாகத்தான் மருத்துவப் பதிவுகள் காட்டுகின்றன. பக்கத்து வீட்டார் சொன்ன ஈரல் பயம் இந்தச் செடிக்குப் பொருந்தும். அப்போதும் ஒரு மாதமெல்லாம் ஆகாது, மூன்று நாளில் தெரிந்துவிடும். ஜிம்மி இதைக் கடித்ததோ என்று சந்தேகம் வந்தாலே, வாந்திக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய், ஈரல் பரிசோதனையை அடுத்த சில நாள் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

தொட்டியை எடுக்கச் சொல்ல உங்களுக்கு என்ன உரிமை? நடைபாதை பொது இடம், ஒரு வீட்டாருக்கு மட்டும் சொந்தமல்ல. ஆனால் நீங்களாகவே தொட்டியை நகர்த்துவதோ செடியை வெட்டுவதோ கூடாது, அது இன்னொருவர் உடைமை. நேரில் போய்ப் பேசுங்கள். நாயைப் பற்றிச் சொல்வதற்கு முன் குழந்தையைப் பற்றிச் சொல்லுங்கள், அது தந்திரமும் இல்லை, முழு உண்மை. சைகஸ் விதை மனிதருக்கும் நஞ்சு. உங்கள் மகளைப் போல அந்தத் தளத்தில் ஓடி விளையாடும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது ஆபத்து. அவர்கள் வீட்டுப் பால்கனிக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால், செடியின் பெயரையும் காரணத்தையும் எழுதிச் சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

செயலாளர் சொன்னது தவறு. குடியிருப்புச் சங்கங்கள் செல்லப்பிராணி வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது, பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. உங்கள் பங்குக்குத் தடுப்பூசி அட்டையை ஒழுங்காக வைத்திருங்கள், நடைபாதையில் ஜிம்மியைச் சங்கிலியோடு மட்டும் அழைத்துப் போங்கள். அதுவே சைகஸிடமிருந்தும் பாதுகாப்பு.

மாமியார் சொன்ன யோசனைக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சாப்பாட்டில் வளர்ந்த நான்கு மாதக் குட்டியைத் தெருவில் விட்டால் அது வண்டியிலோ மற்ற நாய்களிடமோதான் மாட்டும். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. இதைச் சட்டமாக அவர் முன் வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கலக்கி ஓடியவருக்கு அந்தக் குட்டிமேல் பாசம் இல்லாமல் இல்லை. இன்னொரு முறை அந்தப் பதற்றத்தைத் தாங்க முடியாது என்று நினைக்கிறார். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பயம் குறையும்.

மாமனாரோடு சேர்ந்து செய்ய வேண்டியவை

கணவர் ஒருநாள் காலையில் எல்லாத் தொட்டியையும் தூக்கிவிட்டால், வீட்டில் ஜிம்மியை ஒருவர் எப்போதும் வேண்டாதவராகவே பார்ப்பார். அதனால் இந்த வேலையை மாமனார் கையிலேயே கொடுங்கள். மூன்று செடியை மட்டும்தான் மருத்துவர் எடுக்கச் சொன்னார் என்று சொல்லுங்கள். நாயும் சின்னப் பிள்ளையும் இல்லாத வீட்டுக்கு அவரே பார்த்துக் கொடுக்கட்டும். செடிகள் காற்றைச் சுத்தம் செய்யும் என்பதால் அவை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அவர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும், நாசா 1989-இல் செய்த ஆய்வு மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. கதவு ஜன்னல் உள்ள வீட்டில் நாலு தொட்டியால் காற்றில் பெரிய மாற்றம் வராது. ஆகவே டிஃபன்பேக்கியாவைத் தயங்காமல் பால்கனிக்கு அனுப்பலாம். பால்கனிக்கு ஒரு தடுப்புக் கதவு போட்டால், செடிகளுக்கு அவர், வீட்டுக்கு ஜிம்மி என்று எல்லை பிரிந்துவிடும்.

மணி பிளான்ட்டை உயரத்தில் தொங்கவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம், கொடி கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். வெட்டி விடவும், விழுந்த இலையைப் பொறுக்கவும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

படங்களில் தெரியாத ஒன்றைக் கேட்கிறேன்: தொட்டிகளுக்கு என்ன உரம் போடுகிறார்? ஆமணக்குப் பிண்ணாக்கு என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஆமணக்கு விதையிலுள்ள ரிசின் என்ற கொடிய நஞ்சு எண்ணெய் பிழிந்த பிறகு பிண்ணாக்கில்தான் தங்குகிறது. அதன் வாசனை நாய்க்குப் பிடிக்கும். எலும்புத்தூள் கலந்திருந்தால் தொட்டி மண்ணையே தோண்டித் தின்னும். மண்ணில் தூவும் குருணைப் பூச்சிமருந்து இன்னும் பயங்கரம், தின்ற சிறிது நேரத்திலேயே நடுக்கமும் வலிப்பும் வந்துவிடும். மண்புழு உரம், நன்றாக மட்கிய தொழுஉரம் போதும்.

ஜிம்மிக்கும் மெல்ல ஏதாவது வேண்டுமே. கெட்டியான ரப்பர் பொம்மை கொடுங்கள். ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்தும் கொடுக்கலாம், பல் முளைக்கும் ஈறுக்கு நன்றாக இருக்கும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள், துணியைப் பிய்த்து விழுங்கிவிடக் கூடாது. மருந்து அடிக்காத அருகம்புல்லை ஒரு தொட்டியில் வளர்த்து அதற்கென்றே விடச் சொல்லுங்கள். அந்தத் தொட்டியையும் மாமனாரே வளர்க்கட்டும். “விடு” என்று சொன்னால் வாயிலிருப்பதைக் கீழே போடப் பழக்குங்கள், ஒவ்வொரு முறை போட்டதும் கையில் ஒரு துண்டு தின்பண்டம்.

மறுபடி கடித்துவிட்டால்

வாயில் இருப்பதை எடுத்துவிட்டு, ஈரத்துணியால் நாக்கையும் ஈறையும் துடையுங்கள். தண்ணீரைத் தொண்டைக்குள் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். கடித்த செடியின் துண்டையும், வாந்தி எடுத்திருந்தால் அதையும் ஒரு கவரில் போடுங்கள், செடியை முழுதாக ஒரு படம் எடுங்கள். எத்தனை மணிக்கு, ஏறத்தாழ எவ்வளவு என்று குறித்துக்கொண்டு மருத்துவரை அழையுங்கள். தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால்தான் வாந்தி எடுக்க வைப்பதில் பெரும் பயன் உண்டு. அது தேவையா இல்லையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அரளி, அடினியம், நித்தியகல்யாணி, சைகஸ், பிண்ணாக்கு, குருணை என்றால் நாய் குதித்து விளையாடிக்கொண்டிருந்தாலும் கிளம்பிவிடுங்கள். மற்றவற்றுக்கும் மூச்சு இரைத்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, முகம் வீங்கினாலோ வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

இரவில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன. எங்கே எந்த நேரத்தில் மருத்துவர் இருப்பார் என்று போன் செய்து கேட்டு, எண்ணை எல்லார் போனிலும் பதிந்து வையுங்கள், மாமியார் போனில் முதலில். ஒவ்வொரு தொட்டியிலும் செடியின் தாவரவியல் பெயரை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். நர்சரிக்கு நர்சரி பெயர் மாறும், தாவரவியல் பெயர் இருந்தால் மருத்துவருக்கு ஒரு நிமிடத்தில் விஷயம் புரிந்துவிடும். புதுச் செடி வாங்குமுன், அமெரிக்காவின் ஏஎஸ்பிசிஏ என்ற விலங்கு நல அமைப்பு இணையத்தில் வைத்திருக்கும் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடிப் பார்க்கலாம். நம் ஊர்ச் செடிகள் எல்லாம் அதில் இராது. பட்டியலில் இல்லை என்பதாலேயே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜிம்மிக்கு இப்போது இரத்தப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது வாயைத் திறந்து புண் ஆறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எடையையும் போட்டு, மருத்துவமனை போன் எண்களோடு சேர்த்து ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். வளரும் குட்டி என்பதால் மாதம் ஒருமுறை அதை மாற்றி எழுத வேண்டியிருக்கும். அவசரத்தில் போன் செய்யும்போது மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று எடைதான்.